கறிவேப்பிலையில் முட்டையிட்ட ரோஜா அழகி: குடமுருட்டிக் கரையில் ஒரு வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பின் நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூர் மாவட்டத்தில் குடமுருட்டி ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், வாரம் ஒருமுறை ஒரே வழியில் நடந்து வண்ணத்துப்பூச்சிகளை எண்ணிவரும் ஏழு பேரைப் பற்றியது இந்த ஆய்வு. அந்த ஏழு பேரில் நானும் ஒருவன். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருப்பதால், பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு தொடக்கத்திலிருந்தே என்னிடம் விடப்பட்டது. குழுவினர் தங்கள் பெயர்கள் வெளிவருவதை விரும்பவில்லை. ஆகவே ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் ஏட்டில் இரண்டு இடங்களில் எண்ணிக்கை சரிந்தது. ஒரு சரிவுக்குக் காரணம் பூச்சிகள் உண்மையாகவே இல்லாமற்போனது. மற்றதற்குக் காரணம் எண்ணியவரின் மனத்தை நான் ஒடித்தது. ஏட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரியே தெரிந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றை நாங்கள் எப்படிப் பிரித்தறிந்தோம், அதற்குள் என்னென்ன இழந்தோம் என்பதைக் கூடியவரை முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரே வழியில், ஒரே வேகத்தில், வாரந்தோறும் நடந்து எண்ணும் இந்த வழக்கத்தை எர்னி பொல்லார்டு என்னும் சூழலியலாளர் இங்கிலாந்தில் வகுத்தார். 1976 முதல் அந்நாட்டின் தேசியக் கண்காணிப்புத் திட்டம் அதன்படியே நடந்துவருகிறது. நடப்பவர் தம் இடப்பக்கம் இரண்டரை மீட்டர், வலப்பக்கம் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், உயரத்தில் ஐந்து மீட்டர் கொண்ட ஒரு கற்பனைப் பெட்டியைச் சுமந்து செல்வதாக எண்ணிக்கொண்டு, அந்தப் பெட்டிக்குள் வரும் பூச்சிகளை மட்டுமே எண்ண வேண்டும். பெட்டிக்கு வெளியே எவ்வளவு அரிய பூச்சி பறந்தாலும் அது கணக்கில் சேராது. அங்கே பகல் 10:45 முதல் 3:45 வரை நடக்கிறார்கள். குளிர்நாட்டில் பூச்சியின் உடல் சூடேறிப் பறப்பதற்கு அந்த வெயில் வேண்டும். சித்திரை மாதத்தில் எங்கள் வாய்க்கால் கரையில் நண்பகலில் மனிதரும் நிற்க முடியாது, பூச்சியும் நிழலுக்குள் ஒடுங்கிவிடும். எனவே நாங்கள் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடிக்கிறோம். மழை பெய்தால் நடப்பதில்லை. ஒன்றுமே காணாத வாரத்தில் சுழியம் எழுத வேண்டும் என்பது கண்டிப்பான விதி. எழுதாமல் விட்ட கட்டத்துக்கும் சுழியம் எழுதிய கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது.

எங்கள் வழி ஐந்து பிரிவுகளாக அமைந்தது. படித்துறையை ஒட்டிய மூங்கில் புதர் முதற்பிரிவு, வாழைப்படுகை இரண்டாவது, சிவன் கோயில் நந்தவனம் மூன்றாவது, தெருவீடுகளின் கொல்லைப்புறம் நான்காவது, பாசன வாய்க்காலின் கரையும் அதையொட்டிய வயல் வரப்பும் ஐந்தாவது. இவற்றில் காடு என்று சொல்லத்தக்க இடம் ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் வண்ணத்துப்பூச்சி என்றதும் எல்லாருடைய கண்ணும் மேற்கு மலைகளை நோக்கியே திரும்புகிறது. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன்கூட மலைக்காட்டுக்கு உரியது; எங்கள் வழியில் அதை ஒருவரும் கண்டதில்லை. ஆனால் நெல்வயலுக்கும் வாய்க்காலுக்கும் கொல்லைக்கும் உரிய பூச்சிகள் குறைகின்றனவா, நிலைக்கின்றனவா என்பதை வயலில் நடப்பவர்தானே சொல்ல முடியும்? அந்த எண்ணத்தில்தான் குழு தொடங்கியது. திருவரங்கம் மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிற்குப் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்றபோது, அங்கே பலகையில் எழுதியிருந்த பூச்சிகளில் பாதியைத் தன் வீட்டு எருக்கஞ்செடியிலும் எலுமிச்சையிலும் பார்த்திருப்பதாக ஒரு மாணவி சொன்னாள். அவள் இன்று மேல்நிலை முதலாம் ஆண்டில் படிக்கிறாள். குழுவில் மிகக் கூரிய கண் அவளுடையது.

ஏட்டைப் பேணுபவர் கிளை அஞ்சலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். முதல் நாளிலேயே அவர் கெட்டி அட்டை போட்ட நீளக் கணக்கேடு ஒன்றை வாங்கிவந்து, பத்திகளை அளவுகோல் வைத்துக் கோடிட்டுவிட்டார். கைபேசிச் செயலிகள் இருக்கும்போது ஏடு எதற்கு என்று குழுவின் கல்லூரி மாணவர் கேட்டார். அந்த மாணவர் கும்பகோணத்தில் இளங்கலை படிப்பவர். நல்ல ஒளிப்படங்கள் எடுப்பார். எங்கள் படங்களை, உயிரினப் பதிவுகளைப் பலரும் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலும் இந்தியப் பல்லுயிர்த் தளத்திலும் ஏற்றுபவர் அவரே. ஆண்டுதோறும் செப்டம்பரில் நாடு முழுவதும் நடக்கும் பெரும் வண்ணத்துப்பூச்சி மாதம் 2020இல் தொடங்கியதிலிருந்து அதில் பங்கேற்றுவருகிறார். அவருடைய கேள்வி நியாயமானதுதான். ஆயினும் செயலியில் ஏறுவது பார்த்த பூச்சி மட்டுமே. பார்க்கப்போய்க் காணாமல் திரும்பிய வாரம் அதில் ஏறுவதில்லை. அஞ்சல்காரரின் ஏட்டில் அந்த வாரங்களும் இருக்கின்றன. பின்னால் எங்களைக் காப்பாற்றியது அந்த ஏடுதான்.

நந்தவனத்துக்குப் பொறுப்பு, தலைமுறையாகக் கோயிலுக்குப் பூக்கட்டித் தரும் குடும்பத்துப் பெரியவர். வில்வத்தின் இளந்தளிரில் எலுமிச்சை அழகி முட்டையிடுவதையும், அரளி இலையின் கீழே வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு உருக்கிய வெள்ளிபோலத் தொங்குவதையும் அவர் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர். பெயர்களை மட்டுமே எங்களிடம் கற்றார். வில்வ இலையைப் புழு தின்றுவிட்டால் அர்ச்சனைக்கு ஆகாதே என்று நான் ஒருமுறை கேட்டேன். ஓட்டை விழாத இலையாகப் பார்த்துப் பறிப்பது தம் கைக்குப் பழக்கம் என்றும், புழுவுக்குப் போக மீதி எப்போதும் போதுமானதாகவே இருந்திருக்கிறது என்றும் சொன்னார்.

ஐந்தாம் பிரிவுக்கு உரிய இளம் விவசாயியின் நிலை இன்னும் சிக்கலானது. தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக, ஈரம் காயாத வயலில் நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது டெல்டாவின் வழக்கம். அது பூத்துக் காய் பிடிக்கும்போது, பின்சிறகில் இழைபோன்ற சிறு வாலும் அதன் அடியில் கண்போன்ற கரும்புள்ளியும் கொண்ட பட்டாணி நீலம் என்னும் சிறு பூச்சி கூட்டமாக வரும். அதன் புழு பூவையும் காயையும் துளைத்துத் தின்னும். எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக் குழுவில் மற்றவர்கள் மகிழும் அந்த வாரங்கள் அவருக்கு இழப்பின் வாரங்கள். ஆனால் அவர் ஒரு முறையும் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. தம் வயலில் எப்போது மருந்து தெளித்தார் என்பதையும் ஏட்டில் தாமே எழுதிவைக்கிறார். இதற்கு எவ்வளவு மனநேர்மை வேண்டும் என்பதைப் பிறர் வயலைப் பற்றி எளிதாகப் பேசிவிடும் என்போன்றவர்கள் நினைத்துப்பார்க்க வேண்டும்.

நான்காம் பிரிவை நடந்தவர் ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி. நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று எந்நாளும் உழைப்பவர். ஊரில் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்காதான். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் நாற்று முடிகளை எண்ணிப் பழகிய கணக்கு கையோடு இருந்ததால், நான்கு கோடிட்டு ஐந்தாவதைக் குறுக்கே போட்டுச் சிறிதும் தவறாமல் எண்ணுவார். செடிகளில் அவர் அறியாதது குறைவு. கைப்பிள்ளைக்கு வயிற்றுப்பொருமல் என்றால் எந்த இலை, ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் எந்த வேர் என்று கேட்டு அவரிடம் வருபவர்கள் உண்டு. ஆடுதின்னாப்பாளை எந்த மதகடியில் முளைத்திருக்கிறது என்று குழுவுக்குக் காட்டியவரும் அவர்தான்.

நடந்தது இதுதான். இரண்டாம் ஆண்டு கார்த்திகையில், அடைமழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தபோது, ஒரு கறுப்புப் பூச்சியின் படத்தை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, கறிவேப்பிலை அழகி ஒன்று என்று குரல்பதிவில் சொன்னார். படம் மேலிருந்து எடுக்கப்பட்டது, சற்றே கலங்கியிருந்தது. கறுத்த சிறகு, பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டுகள், விளிம்பில் சிவப்புப் பிறைகள். ரோஜா அழகிக்கு அப்படியே பொருந்தும் தோற்றம். அனைவரும் பார்க்கும் குழுவிலேயே, “தவறு. இது ரோஜா அழகி. சரியாகப் பார்த்து எழுதவும்” என்று நான் எழுதினேன்.

சிறிது நேரத்தில் அவருடைய குரல்பதிவு வந்தது. “அது கறிவேப்பிலையில குந்தி முட்டை வச்சுச்சு சார், என் கண்ணால பாத்தேன்” என்றார். பூச்சி எந்தச் செடியிலும் உட்காரும், சிறகைப் பார்த்துத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்று நான் பதில் எழுதிவிட்டு, ஏட்டில் அவருடைய பதிவை அடித்து ரோஜா அழகி என்று மாற்றச் செய்தேன். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே பூச்சியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தவறு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளையையும் அதன் இனச் செடிகளையும் மட்டுமே தின்று, அவற்றின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பூச்சியை ஒருமுறை கொத்திய பறவை மறுபடி கொத்தத் தயங்கும். அதன் சிவந்த உடலே ஓர் எச்சரிக்கை. கறிவேப்பிலை அழகிக்கு இந்த நஞ்சு கிடையாது. அதன் புழு வளர்வது கறிவேப்பிலையிலும் எலுமிச்சை, நாரத்தை வகைகளிலும் வில்வத்திலும். ஆனால் அதன் பெண்பூச்சிகள் மூன்று தோற்றங்களில் வருகின்றன. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றொன்று ரோஜா அழகியை அப்படியே பார்த்து வரைந்தது போலிருக்கும். மூன்றாவது, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த சிவப்புடல் அழகியைப் போன்றது. நஞ்சுள்ளவற்றின் உடையை அணிந்து நஞ்சில்லாதது பறவையிடமிருந்து தப்பிக்கும் ஏற்பாடு இது. இந்தத் தோற்ற வேறுபாட்டை டபுள்செக்ஸ் என்னும் ஒரே மரபணுவின் வடிவங்கள் ஆள்கின்றன என்பதை 2014இல் கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் வெளிப்படுத்தினார்கள். சிறகால் பறவையை ஏமாற்றும் இப்பூச்சி மனிதரையும் ஏமாற்றும். பிரித்தறிய இரண்டே வழிகள்தான் எளியவை: உடல் கறுப்பா, சிவப்பா என்று பார்ப்பது ஒன்று, எந்தச் செடியில் முட்டையிடுகிறது என்று பார்ப்பது மற்றொன்று. கலங்கிய அந்தப் படத்தில் உடலின் நிறம் தெரியவில்லை. அக்கா பார்த்ததோ இரண்டாம் வழி. வகுப்பில் இந்த ஒப்புருவாக்கத்தைப் பாடமாக நடத்தும் நான், அது கண்முன் வந்தபோது அறியவில்லை.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் காலாண்டுக் கணக்கைக் கூட்டியபோது, நான்காம் பிரிவில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. கறிவேப்பிலை அழகி அறவே இல்லை. வரப்பிலும் கொல்லையிலும் தாழப் பறக்கும் சிறு நீலங்கள் ஏறத்தாழ இல்லை. வெந்தய வரியனும் எலுமிச்சை அழகியும் கொன்னை வெள்ளையனும் மட்டும் வழக்கம்போல் இருந்தன. கொசு ஒழிப்புக்காகத் தெருவில் அடித்த புகைமருந்துதான் காரணம் என்று எண்ணினேன். பொருத்தமான விளக்கமாகவே அது தோன்றியது. புகை அடித்த நாள்களையும் சரிவையும் ஒப்பிட்டு ஒரு குறிப்புகூட எழுதத் தொடங்கிவிட்டேன். அதை வெளியிட்டிருந்தால் ஊராட்சிப் பணியாளர்கள்மேல் இல்லாத பழியைச் சுமத்தியிருப்பேன்.

தடுத்தவர் அஞ்சல்காரர். ஏட்டை விரித்துவைத்து, புகைமருந்து எல்லாப் பூச்சியையும் கொல்ல வேண்டுமே, தெரிந்தெடுத்தாற்போல் அடையாளம் காணக் கடினமானவை மட்டும் ஏன் மறைந்தன என்று கேட்டார். அக்காவின் பத்தியில் மறைந்தவை எல்லாம் என்னால் திருத்தப்படக்கூடிய பூச்சிகள். எஞ்சியவை எவரும் தவறு சொல்ல முடியாத பூச்சிகள். கோடுகளின் தன்மையும் மாறியிருந்தது. முன்பு பேனாவால் அழுத்தி இட்டவர், கார்த்திகைக்குப் பின் பென்சிலால் மெலிதாக இட்டிருந்தார். வழக்கமாகக் கடிதம் வரும் வீட்டுக்குக் கடிதம் நின்றுபோனால் எழுதுகிறவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் தாம் முதலில் கேட்பது வழக்கம் என்றார் அவர்.

அடுத்த நான்கு வாரங்கள் கல்லூரி மாணவர் நான்காம் பிரிவைத் தனியாக, அக்கா நடந்த அதே காலையில் சற்று இடைவெளி விட்டு நடந்தார். இருவரின் கணக்கையும் அருகருகே வைத்தபோது ஐயம் தீர்ந்தது. மாணவரின் கணக்கில் நீலங்கள் இருந்தன, கறிவேப்பிலை அழகியும் இருந்தது. கொல்லையில் பூச்சிகள் இருக்கவே செய்தன; ஏட்டுக்குத்தான் அவை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் குறைசொல்லவில்லை. திண்ணையில் உட்காரச்சொல்லி மோர் கொடுத்தார். பிறகு உள்ளே சென்று, வாயை வெள்ளைத் துணியால் கட்டிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தார். அந்தக் கார்த்திகை நாளில் பூச்சி இட்டுச்சென்ற முட்டை இருந்த கொழுந்தைக் காம்போடு கிள்ளி அதில் வைத்து வளர்த்திருக்கிறார். புழு முதலில் பறவை எச்சம்போல் இருந்ததையும், பிறகு பச்சையாகிக் கறிவேப்பிலையை ஈர்க்கு மிஞ்சத் தின்றதையும், கூடுகட்டி ஒருநாள் காலையில் சிறகு விரித்ததையும் நாள்வாரியாகச் சொன்னார். வெளிவந்த பூச்சி தாயைப் போலவே வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறையுமாக இருந்திருக்கிறது. உடல் மட்டும் கறுப்பு. அதைப் பேத்தியின் கையில் ஏற்றிப் பறக்கவிட்டபின், காலிக் கூட்டை மட்டும் பாட்டிலில் வைத்திருந்தார். ஏன் அப்போதே காட்டவில்லை என்று கேட்டேன். “படிச்சவங்க ஒண்ணு சொன்னப்பறம் நான் பாட்டிலைத் தூக்கிட்டு வந்து நிக்கிறது நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன் சார்” என்றார்.

ஒரு மாதம் வளர்த்துச் சேர்த்த சான்றை அவர் தம்மோடு வைத்துக்கொண்டார். அதை எங்களிடம் கொண்டுவர முடியாதபடி செய்தது என் ஒற்றை வரி. நான் அதைத் திரும்பத்திரும்ப எண்ணிப்பார்த்திருக்கிறேன். திருத்தம் தவறாக இருந்தது ஒரு குறை. அது சரியாகவே இருந்திருந்தாலும், பலர் முன்னிலையில், காரணம் கேளாமல், கண்டவரின் சொல்லை அடித்துவிட்டு எழுதியது அதைவிடப் பெரிய குறை. அன்று மாலையே அதே வாட்ஸ்அப் குழுவில், தவறு என்னுடையது, பூச்சி கறிவேப்பிலை அழகிதான், அதற்கான சான்றை அக்கா வளர்த்தே காட்டியிருக்கிறார் என்று எழுதி, காலிக் கூட்டின் படத்தையும் சேர்த்தேன்.

இதன்பின் ஏட்டின் விதிகள் மாறின. எந்தப் பதிவையும் அடிப்பதில்லை. மாற்றுக்கருத்து இருந்தால் பக்கத்தில் இன்னாருடைய கருத்து, இன்ன காரணம் என்று எழுதுகிறோம். ஐநேச்சுரலிஸ்டில்கூடப் பெயர் சூட்டியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் உடன்பட்டால்தான் பதிவு ஆய்வுத்தரம் பெறுகிறது. ஒருவரே தீர்ப்பளிக்கும் நிலையை எங்கள் சிறு குழுவில் நான் உண்டாக்கியிருந்தேன். செடி என்று ஒரு புதிய பத்தி சேர்ந்தது. பூச்சி எந்தச் செடியில் இருந்தது, அங்கே தேன் குடித்ததா, முட்டையிட்டதா, வெறுமனே அமர்ந்ததா என்பதை அதில் எழுத வேண்டும். பறக்கும்போது பிரித்தறிய முடியாத புல் நீலங்களைப் பெயர்சொல்லாமல் ‘சிறு நீலம்’ என்றும், மஞ்சள் பூச்சிகளைப் ‘புல் மஞ்சள்’ என்றும் எழுதலாம் என்று ஏற்றோம். அதுவரை பெயர் தெரியாவிட்டால் எழுதாமல் விடுவதே நல்லது என்று பலர் நினைத்திருந்தது இப்போதுதான் வெளியே வந்தது. பூக்கட்டும் பெரியவர்கூட ஐயமுள்ளவற்றை விட்டுவந்திருக்கிறார். ஆகவே முதல் இரண்டாண்டுச் சிறு நீலங்களின் கணக்கை நாங்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவதில்லை. ஏட்டின் அந்தப் பக்கங்களில் காரணத்தையும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

செடிப் பத்தியின் பயன் எதிர்பாராத இடத்திலும் தெரிந்தது. வெந்தய வரியன் என்று நினைத்த ஒரு பூச்சியை, அது எருக்கைவிட்டுத் தரையோரப் பருப்புக்கீரையையே சுற்றுகிறது என்பதைக் கொண்டு மாணவி மறுபடி பார்த்தாள். அது வெந்தய வரியனைப் போல வேடமிடும் டனாய்டு எக்ஃப்ளை என்ற இனத்தின் பெண்பூச்சி. அதன் ஆணுக்குக் கறுத்த சிறகில் பெரிய வெண்பொட்டுகள் உண்டு. பார்த்தால் ஒரே இனம் என்றே தோன்றாது.

இனி மற்ற சரிவு. ஐந்தாம் பிரிவில் வைகாசி முதல் வாரத்தில் வெந்தய வரியன், ரோஜா அழகி, மயில் வசீகரன் மூன்றும் ஒரே நேரத்தில் சுழியமாயின. நான்காம் பிரிவில் பட்ட அடிக்குப் பிறகு, இங்கேயும் ஆள்தான் காரணமோ என்றே முதலில் எண்ணினோம். மாணவி விவசாயியோடு இணைந்து நடந்தாள். இருவர் கணக்கிலும் சுழியம். காரணம் கண்முன்னே கிடந்தது: மேட்டூர் திறப்புக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரிய பொக்லைன், உள்சரிவோடு நிற்காமல் வெளிச்சரிவையும் வழித்து, மண்ணை இருகரையிலும் கொட்டியிருந்தது. எருக்கு, நீர்முள்ளி, ஆடுதின்னாப்பாளை, சிறுபூனைக்காலி என்று புழு தின்னும் செடிகள் அனைத்தும் போய்விட்டன.

தூர்வாருவதை எவரும் எதிர்க்க முடியாது, எதிர்க்கவும் கூடாது. வாய்க்கால் தூர்ந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. குறுவை போனவனின் துயரத்தை இந்த மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே நாங்கள் கேட்டது சிறியது: மண்ணை ஒரு கரையில் மட்டும் கொட்டுங்கள், மறுகரையின் வெளிச்சரிவைத் தொடாமல் விடுங்கள். இதை நான் கேட்டிருந்தால் பூச்சிக்காக வந்த வாத்தியார் என்று நினைத்திருப்பார்கள். கேட்டவர் விவசாயி. அடுத்த கோடையில் அவர் பொக்லைன் ஓட்டுநரோடு விடியற்காலையிலேயே கரையில் நடந்து, ஆடுதின்னாப்பாளை மறுபடி முளைத்திருந்த இரண்டு மதகடிகளிலும் குச்சி நட்டுத் துணி கட்டினார். ஒரு மதகடி தப்பியது. மற்றதில் அவர் இல்லாத பொழுதில் வேலை நடந்து, செடி போய்விட்டது.

எருக்கு வேரிலிருந்து தானே துளிர்த்தது. வெந்தய வரியன் விரைவில் திரும்பியது. நீர்முள்ளி தண்ணீர் வந்தபின் கரையோரச் சேற்றில் முளைத்து, மயில் வசீகரனைக் கொண்டுவந்தது. ரோஜா அழகியோ தப்பிய மதகடியைச் சுற்றி மட்டுமே இன்றும் பதிவாகிறது. இதைக் கண்டபின் அஞ்சல்காரர் ஏட்டில் இன்னொரு பத்தி கோடிட்டார்: வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12இல் திறப்பது மரபு என்றாலும், 2022இல் மே 24இலேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆங்கில மாதத்தின் இத்தனையாவது வாரம் என்று ஆண்டோடு ஆண்டை ஒப்பிட்டால் டெல்டாவில் கணக்கு பிழைபடும். கரையின் செடிகளுக்கு ஆண்டு தொடங்குவது தண்ணீர் வரும் நாளில்தான். இங்கிலாந்தின் முறையில் இந்தப் பத்திக்குத் தேவை எழவில்லை. எங்கள் ஏட்டில் அது இல்லாமல் எதையும் படிக்க முடியாது.

அக்கா இப்போது நான்காம் பிரிவோடு, புதிதாகச் சேர்ந்த இருவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார். அவர் வகுப்பில் பூச்சிப் படங்கள் இல்லை. முதல் இரண்டு வாரம் கொல்லைகளில் நடத்திச் செடிகளையே காட்டுகிறார்; எந்த இலையில் கடி விழுந்திருக்கிறது, எதில் விழவில்லை என்று பார்க்கச் சொல்கிறார்; மூன்றாம் வாரம்தான் தலையை நிமிர்த்தி மேலே பார்க்க விடுகிறார். புதியவர்களுள் ஒருத்தி அவருடைய பேத்தி.

சென்ற வாரத்து ஏட்டில் நான்காம் பிரிவுக்கு எதிரே, பேனாவால் அழுத்தமாக இப்படி எழுதியிருக்கிறது: கறிவேப்பிலை அழகி, நான்கு கோடும் குறுக்கே ஒன்றும், அவற்றுள் ரோஜா வேடம் இரண்டு, செடி, கறிவேப்பிலை, முட்டையிட்டது, ஆம். அதற்குக் கீழே பேத்தியின் கையெழுத்தில் ஒரு வரி: சிறு நீலம் ஏழு, பெயர் தெரியவில்லை.